அக்கரையில் படிப்பு அதிகம், பிறகு ஏன் திவால்? மனித மூலதனம் பற்றி ஓர் எளிய அறிமுகம்

2022 மார்ச்சில் இலங்கையிலிருந்து குடும்பம் குடும்பமாக ஆட்கள் படகேறி தனுஷ்கோடிப் பக்கம் வந்து இறங்கத் தொடங்கினார்கள். எரிபொருள் இல்லை, பால்மாவு இல்லை, அரிசி விலை எட்டாத உயரத்தில் இருக்கிறது என்றார்கள். அந்த நாட்களில் ராமேஸ்வரத்திலிருந்து மண்டபம் வரை எந்த டீக்கடையிலும் இரண்டு கருத்துகளைக் கேட்க முடிந்தது. "அம்புட்டுப் பேரும் படிச்ச நாடு, அதுக்கே இந்த நிலைமை. அப்ப படிச்சு என்ன பிரயோஜனம்?" என்பது ஒன்று. "நமக்கு 140 கோடி ஆள் பலம் இருக்கு, நம்மை யாரு அசைக்க முடியும்?" என்பது மற்றது.

இரண்டுமே தப்பான கணக்கு. முதல் ஆள் மனித மூலதனத்தை, அதாவது மக்களுக்குள் இருக்கும் அறிவு, திறமை, ஆரோக்கியத்தை, அரசாங்கத்தின் கஜானாவோடு குழப்பிக்கொள்கிறார். இரண்டாவது ஆள் அதைத் தலை எண்ணிக்கையோடு குழப்பிக்கொள்கிறார். டீக்கடையை மட்டும் குறை சொல்ல முடியாது, டிவி விவாதங்களிலும் இதே குழப்பம்தான் ஓடுகிறது. தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே சுமார் 30 கிலோமீட்டர்தான். இவ்வளவு கிட்டத்தில் இருக்கும் இரண்டு நாடுகளை வைத்துப் பார்த்தால் விஷயம் சுலபமாகப் பிடிபடும்.

படகும் டிரைவரும்

இன்று செலவு செய்து உருவாக்கி வைத்தால் பல வருடங்களுக்கு வருமானம் தரும் எதுவும் பொருளாதாரத்தில் மூலதனம்தான். கரையில் நிற்கும் விசைப்படகு மூலதனம். எஞ்சின், வலை, ஐஸ் பெட்டி, ஜி.பி.எஸ். கருவி எல்லாம் அதே கணக்கு.

ஒரே அளவு, ஒரே எஞ்சின் உள்ள இரண்டு விசைப்படகுகள் ஒரே நாளில் மீன்துறை அனுமதி டோக்கன் வாங்கிக் கடலுக்குப் போகின்றன என்று வைத்துக்கொள்வோம். ஒன்று இறாலும் கணவாயுமாகத் திரும்புகிறது. இன்னொன்று டீசல் காசுக்கே காணாமல் வருகிறது. ஒருநாள் இப்படி நடந்தால் அதிர்ஷ்டம் என்று விட்டுவிடலாம். வருடம் முழுக்க நடந்தால் வித்தியாசம் டிரைவரிடம் இருக்கிறது. நீவாடு (கடல் நீரோட்டம்) எந்தப் பக்கம் இழுக்கிறது, வாடைக்காற்று நேரத்தில் எங்கே மடி (வலை) விடலாம், கடலடியில் பார் (பாறைத் திட்டு) எங்கே கிடக்கிறது, எஞ்சின் சத்தம் மாறினால் எதை முதலில் கழற்ற வேண்டும் என்பதெல்லாம் அவர் தலைக்குள் இருக்கிறது. அதைச் சேர்க்க அவருக்குப் பல வருடம் ஆகியிருக்கும். நல்ல டிரைவரை முன்பணம் கொடுத்துப் பிடித்து வைக்க சம்மாட்டிகள் (படகு முதலாளிகள்) போட்டி போடுவது இதனால்தான்.

அந்த டிரைவரின் அறிவு, கைப்பழக்கம், இரவெல்லாம் கண்விழித்து உழைக்கும் உடம்பு, இவை மூன்றும் சேர்ந்ததுதான் மனித மூலதனம். படிப்புக்கும் சாப்பாட்டுக்கும் வைத்தியத்துக்கும் செய்யும் செலவை முதலீடாகப் பார்க்கலாம் என்ற யோசனையை 1960-களில் ஒரு துறையாகவே வளர்த்தவர்கள் தியோடர் ஷூல்ட்ஸ், கேரி பெக்கர் என்ற இரண்டு அமெரிக்கப் பொருளாதார அறிஞர்கள். இருவருக்கும் பின்னாளில் நோபல் பரிசு கிடைத்தது, ஷூல்ட்ஸுக்கு 1979-ல், பெக்கருக்கு 1992-ல்.

படகுக்கும் டிரைவரின் அறிவுக்கும் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. படகை அடகு வைக்கலாம், விற்கலாம், கடன் கட்டாவிட்டால் வங்கி ஜப்தி செய்யலாம். தலைக்குள் இருப்பதை ஜப்தி செய்ய முடியாது. அதனால் ஏழை வீட்டுப் பிள்ளையின் படிப்பில் தனியார் பணம் தானாக வந்து விழாது. அரசு பள்ளிக்கூடம் நடத்த வேண்டியிருப்பதற்குக் கருணையைத் தாண்டிய பொருளாதாரக் காரணம் இது. கல்விக் கடன் இருக்கிறதே என்று கேட்கலாம். இருக்கிறது, கல்லூரிக்கு. ஒன்றாம் வகுப்புப் பிள்ளையை நம்பி எந்த வங்கி கடன் கொடுக்கும்?

அப்புறம், ஆள் எழுந்து வேறு ஊருக்குப் போனால் அதுவும் கூடவே போய்விடும். இதைப் பிறகு பார்ப்போம்.

இதுவரை: ஆள் எத்தனை என்பது மக்கள்தொகை. ஆளுக்குள் என்ன இருக்கிறது என்பது மனித மூலதனம். 140 கோடி என்பது முதல் கேள்விக்கு மட்டும் பதில்.

இதை எப்படி அளக்கிறார்கள்

கண்ணுக்குத் தெரியாததை அளப்பது சிரமம். உலக வங்கி 2018-ல் மனித மூலதனக் குறியீடு என்று ஒன்றை வெளியிட்டது. 0 முதல் 1 வரை போகும் எண் அது. இன்று இந்த நாட்டில் பிறக்கும் குழந்தை, நாட்டில் இப்போதிருக்கும் பள்ளியையும் மருத்துவத்தையும் கொண்டே 18 வயதுவரை வளர்ந்தால், முழுப் படிப்பும் முழு ஆரோக்கியமும் கிடைத்திருந்தால் எட்டியிருக்கும் உழைப்புத் திறனில் எவ்வளவு பங்கை எட்டும்? அதுதான் கணக்கு.

2020 பட்டியலில் இந்தியா 0.49, இலங்கை 0.60. வங்கதேசம் 0.46, பாகிஸ்தான் 0.41. அக்கரைக் குழந்தை தன் முழுத் திறனில் ஏறக்குறைய 60 சதவீதத்தை எட்டும், இந்தியக் குழந்தை சராசரியாகப் பாதியை எட்டும் என்று அர்த்தம்.

ஐந்து வயதுவரை பிழைத்திருக்கிறதா, எத்தனை வருடம் பள்ளிக்குப் போகும், போய் என்ன கற்கும், உடல் வளர்ச்சி குன்றியிருக்கிறதா, பெரியவரானபின் 60 வயதுவரை உயிரோடிருக்கும் வாய்ப்பு என்ன, இவற்றைச் சேர்த்துத்தான் அந்த எண் வருகிறது. இதில் நம் ஆட்கள் பெரும்பாலும் தவறவிடுவது 'போவது', 'கற்பது' என்ற இரண்டுக்கும் உள்ள இடைவெளியை. அதே 2020 கணக்கில் இந்தியக் குழந்தை சராசரியாக 11.1 வருடம் பள்ளியில் இருக்கும். தேர்வுத் தரத்தை வைத்துப் பார்த்தால் கற்பது 7.1 வருடப் படிப்புக்குச் சமம். நான்கு வருடம் பெஞ்சில் உட்கார்ந்ததுதான் மிச்சம். இலங்கையிலும் கதை அதேதான், அளவுதான் வேறு. 13.2 வருடம் போகிறார்கள், 8.5 வருடத்துக்கான படிப்பு தலையில் ஏறுகிறது. சேர்க்கை விகிதத்தைப் பார்த்துப் பெருமைப்படும் எந்த அரசும், இக்கரையோ அக்கரையோ, இந்த இரண்டாவது எண்ணைப் பற்றி மேடையில் பேசுவதில்லை.

இலங்கை முன்னால் இருப்பதற்குக் காரணம் பழையது. சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கரா கல்வி அமைச்சராக இருந்தபோது, 1945-ல், பாலர் வகுப்பிலிருந்து பல்கலைக்கழகம்வரை இலவசக் கல்வி வந்தது. நாடு சுதந்திரம் அடைந்ததே 1948-ல்தான். அதோடு வீடு வீடாகப் போய்க் கர்ப்பிணிகளையும் கைக்குழந்தைகளையும் பார்க்கும் மருத்துவிச்சிகளின் வலைப்பின்னலும் அங்கே வலுவானது. 2016-ல் மலேரியா ஒழிந்த நாடு என்று உலக சுகாதார நிறுவனம் இலங்கைக்குச் சான்று கொடுத்தது. காய்ச்சலில் பள்ளி நாளையும் கூலி நாளையும் இழக்காமல் இருப்பதும் மனித மூலதனம்தான்.

நாட்டுச் சராசரிக்குள் பல ஊர்கள் ஒளிந்திருக்கும் என்பதையும் மறக்கக் கூடாது. 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில் ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளில் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள் இந்திய அளவில் 35.5 சதவீதம், தமிழ்நாட்டில் 25 சதவீதம். தமிழ்நாட்டுக்குள்ளும் எல்லா இடமும் ஒன்றல்ல. 2018-ல் மத்திய அரசு பின்தங்கிய மாவட்டங்களைத் தேர்ந்தெடுத்து முன்னேற்றத் திட்டம் ஒன்றைத் தொடங்கியபோது தமிழ்நாட்டிலிருந்து பட்டியலில் இருந்தவை இரண்டு. ராமநாதபுரம் ஒன்று, விருதுநகர் மற்றொன்று.

பக்கத்து நாட்டோடு போட்டி என்றால் என்ன

இங்கேதான் ஒரு வேடிக்கை. உலகப் பொருளாதார மன்றம் 2019-ல் 141 நாடுகளின் போட்டித்திறனை வரிசைப்படுத்தியது. இந்தியா 68, இலங்கை 84. மனித மூலதனத்தில் அக்கரை முன்னால், போட்டித்திறனில் இக்கரை முன்னால். இரண்டும் ஒன்றே என்று நினைப்பவருக்கு இது முரண்பாடாகத் தெரியும்.

போட்டித்திறன் என்று அவர்கள் அளப்பது, ஒரு நாட்டில் ஒரு மணி நேர உழைப்பிலிருந்து எவ்வளவு மதிப்புள்ள பொருளோ சேவையோ வெளிவர முடியும் என்பதை. உற்பத்தித்திறன் என்று இதைச் சொல்வார்கள். அதற்கு ஆளின் திறமை ஒரு பங்கு. சாலை, துறைமுகம், மின்சாரம், வங்கி, நீதிமன்றம், சந்தையின் அளவு எல்லாம் மற்ற பங்குகள். சந்தை அளவில் மட்டும் இந்தியா அந்தப் பட்டியலில் 3-வது இடம். 140 கோடி உதவுவது இந்த இடத்தில், அதுவும் வாங்கும் கைகளாக.

"அவன் முந்திவிட்டான், நாம் தோற்றுவிட்டோம்" என்ற பேச்சும் சரியாகப் பொருந்தாது. கம்பெனி தோற்றால் மூடிவிடுவார்கள், நாட்டை மூட முடியாது. பொருளாதார அறிஞர் பால் க்ரக்மன் 1994-லேயே இதை அழுத்திச் சொன்னார். ஒரு நாடு வளர்ந்தால் அண்டை நாடு தேய வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. பக்கத்தில் வாங்கும் சக்தி கூடினால் நம் சரக்குக்கும் வாடிக்கையாளர் கூடுவார்.

கொழும்புத் துறைமுகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பாக் நீரிணையில் ஆழம் போதாமல் பெரிய கப்பல்கள் இலங்கையைச் சுற்றிக்கொண்டுதான் போகின்றன. கொழும்பில் ஒரு கப்பலிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றப்படும் கொள்கலன்களில் பெரும்பங்கு இந்தியாவுக்கு வருபவை, அல்லது இந்தியாவிலிருந்து போகிறவை. இந்திய ஏற்றுமதி வளர்ந்தால் கொழும்புக்கும் வேலை. 2025 மே மாதம் கேரளத்தில் விழிஞ்ஞம் துறைமுகம் முறைப்படி நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டபின் அந்தச் சரக்குக்கு நேரடிப் போட்டி வந்திருக்கிறது. கவனியுங்கள், மோதுவது துறைமுகமும் துறைமுகமும். அதை நாட்டுக்கும் நாட்டுக்குமான மல்லுக்கட்டாக மாற்றுவது பெரும்பாலும் நாம்தான்.

இன்னொரு பரவலான தவறு, கூலி குறைவாக இருந்தால் போட்டியில் ஜெயிக்கலாம் என்பது. மண்டபம் பக்கம் நீல நண்டை வேகவைத்துச் சதை பிரித்து வெளிநாட்டுக்கு அனுப்பும் கம்பெனிகள் இருக்கின்றன. ஒரு கணக்குக்காகச் சொல்கிறேன். 300 ரூபாய் கூலிக்கு ஒரு பெண் மூன்று கிலோ சதை பிரிக்கிறார் என்றால் கிலோவுக்கு 100 ரூபாய். 450 ரூபாய் வாங்குகிற கை பழகிய பெண் ஆறு கிலோ பிரிக்கிறார் என்றால் கிலோவுக்கு 75. ஓடு ஒட்டாமல், சதை உடையாமல் எடுத்தால் விலையும் கூடும். கூலி அதிகம், ஆனாலும் அடக்கவிலை குறைவு. கூலியை உற்பத்தியால் வகுத்துப் பார்க்காமல் 'மலிவான உழைப்பு' என்று பேசுவதில் அர்த்தமே இல்லை.

இதுவரை: மனித மூலதனம் கையிருப்பு. போட்டித்திறன், அந்தக் கையிருப்பு மற்ற வசதிகளோடு சேர்ந்து வேலை செய்யும்போது வெளிவருவது. ஒன்று கூடியிருந்தும் மற்றது குறைந்திருக்கலாம்.

சூரை மீன் கணக்கு

கையிருப்பும் வசதியும் சேராவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு நம் கரையிலேயே உதாரணம் இருக்கிறது. 2017 ஜூலையில் பிரதமர் ராமேஸ்வரம் வந்தபோது, பாக் விரிகுடாவில் கடலடியை வாரி இழுக்கும் இழுவைமடி போடும் விசைப்படகுகளுக்குப் பதிலாக ஆழ்கடலில் சூரை (டூனா) பிடிக்கும் தூண்டில் படகுகள் கொடுக்கும் திட்டத்துக்கு ஒப்புதல் கடிதங்கள் வழங்கினார். படகு ஒன்றுக்கு 80 லட்சம் ரூபாய் மதிப்பு, அதில் 70 சதவீதம் மத்திய, மாநில அரசுகளின் மானியம். இலக்கு 2,000 படகுகள். காகிதத்தில் பார்த்தால் அருமையான திட்டம். எல்லை தாண்டும் பிரச்சினையும் குறையும், கடலடியும் பிழைக்கும். ஆனால் இலக்கில் மிகச் சிறிய பகுதிதான் நிறைவேறியது.

மீதிக் கடனும் பங்குத் தொகையும் பலருக்குச் சுமை என்பது உண்மை. அதைவிட ஆழமான சிக்கல், அது வேறு தொழில் என்பது. ராமேஸ்வரம் விசைப்படகு காலையில் போய் மறுநாள் காலை கரை திரும்பும். ஆழ்கடல் படகு வாரக்கணக்கில் கடலில் கிடக்கும். பாக் விரிகுடா பெரும்பாலும் 15 மீட்டருக்கும் குறைந்த ஆழம். சூரை திரிவது பெருங்கடலில். நூற்றுக்கணக்கான தூண்டில்களைக் கோத்து விடுவது ஒரு வித்தை. பிடித்த மீனை உடனே ரத்தம் வடித்து, செவுளும் குடலும் நீக்கி, ஐஸில் முறையாக வைப்பது அதைவிடப் பெரிய வித்தை. சூடு ஏறினால் மீனில் ஹிஸ்டமின் என்ற நச்சு சேரும், ஏற்றுமதிச் சந்தை கதவைச் சாத்திவிடும். கன்னியாகுமரி மாவட்டத்துத் தூத்தூர் வட்டார மீனவர்களுக்கு ஆழ்கடல் தலைமுறைப் பழக்கம். நம் வடகடல் (பாக் விரிகுடா) ஆட்கள் திறமைக்குக் குறைந்தவர்கள் அல்ல, அவர்கள் திறமை வேறு கடலுக்கானது. படகுக்கு மானியம் ஒதுக்கிய வேகத்தில் பயிற்சிக்கும் ஒதுக்கியிருந்தால் கதை மாறியிருக்கும் என்பது என் எண்ணம்.

இதே சூரையில் இலங்கையைப் பாருங்கள். அவர்களிடம் நெடுநாள் கலங்கள் பெருங்கூட்டமாக இருக்கின்றன, ஜப்பானுக்கும் ஐரோப்பாவுக்கும் மீன் போகிறது. இந்த ஒரு தொழிலில் அவர்கள் கை ஓங்கித்தான் இருக்கிறது. ஆனாலும் 2015 தொடக்கத்தில் ஐரோப்பிய ஒன்றியம் இலங்கை மீனுக்குத் தடை போட்டது. அரசின் கண்காணிப்பு போதாது, சட்டவிரோத மீன்பிடிப்பைத் தடுக்கவில்லை என்பது காரணம். படகுகளில் கண்காணிப்புக் கருவி வைத்து, விதிகளைத் திருத்தி, 2016-ல்தான் தடை நீங்கியது. அந்த ஒன்றரை வருடத்தில் மீனவர் யாருக்கும் திறமை குறைந்துவிடவில்லை. நிர்வாகம் சறுக்கியதற்குத் தொழில் அடி வாங்கியது.

இருந்தும் வேலை செய்யாத திறன்

இப்போது டீக்கடைக் கேள்விக்கு வரலாம். படித்த நாடு ஏன் திவாலானது? 2022 ஏப்ரலில் இலங்கை வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று அறிவித்ததற்கும் மக்களின் படிப்புக்கும் நேரடித் தொடர்பு கிடையாது. 2019 கடைசியில் வரிகளைப் பெருமளவு குறைத்தார்கள். கொரோனாவில் சுற்றுலா படுத்தது. 2021-ல் ரசாயன உரத்தை ஒரே அடியாகத் தடை செய்து விளைச்சலைக் கெடுத்தார்கள். கடன் ஏற்கெனவே தலைக்கு மேல் இருந்தது. டாலர் தீர்ந்தது. மருத்துவிச்சியும் ஆசிரியரும் நன்றாக வேலை செய்த நாட்டில் கஜானா காலியாகலாம். இரண்டும் வேறு வேறு கைகளில் இருப்பவை.

நெருக்கடிக்கு முன்பே அங்கே இன்னொரு கோளாறு இருந்தது. படிக்கவைத்த ஆட்களுக்கு ஏற்ற வேலையைப் பொருளாதாரம் உருவாக்கவில்லை. 2000-ல் நாட்டு உற்பத்தியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஏற்றுமதியாக இருந்தது, பத்து வருடத்தில் ஐந்தில் ஒரு பங்கு அளவுக்கு இறங்கியது. பெண்கள் ஆண்களுக்குச் சமமாகப் படித்திருந்தும், வேலைச் சந்தையில் இருப்பவர்கள் மூன்றில் ஒருவர்தான். உயர்தரப் பரீட்சையில் (நம் பிளஸ் டூ மாதிரி) பல்கலைக்கழகத் தகுதி பெறுபவர்களில் சுமார் நான்கில் ஒருவருக்குத்தான் அரசுப் பல்கலைக்கழகத்தில் இடம். மறுபுறம் வங்கதேசம், குறியீட்டில் பின்னால் இருந்தும், ஆயத்த ஆடை ஏற்றுமதியில் இலங்கையைவிடப் பல மடங்கு பெரியது. ஆலைகளும் வேலைகளும் அங்கே வந்தன, இருந்த திறமை வேலைக்கு வந்தது.

நாமும் சிரித்துக்கொள்ள இடமில்லை. மண்டபம் முகாமிலும் தமிழ்நாட்டின் மற்ற இலங்கைத் தமிழர் முகாம்களிலும் பிறந்து வளர்ந்து, இங்கேயே பட்டம் வாங்கி, குடியுரிமை இல்லாததால் படிப்புக்கேற்ற வேலை கிடைக்காமல் பெயிண்ட் அடிக்கப் போகும் இளைஞர்கள் இருக்கிறார்கள். அவர்களைப் படிக்கவைத்தது நம் பள்ளிகளும் கல்லூரிகளும்தான்.

படிக்கவைத்தது ஓர் ஊர், பலன் இன்னோர் ஊர்

ஆளோடு அறிவும் போய்விடும் என்று முன்பே சொன்னேன். கீழக்கரை, தேவிபட்டினம், தொண்டிப் பக்கம் வளைகுடாவுக்கோ மலேசியாவுக்கோ சிங்கப்பூருக்கோ ஆள் போகாத குடும்பங்கள் குறைவு. இது நஷ்டமா லாபமா? அனுப்பும் பணத்தில் வீடு எழும்புகிறது, தம்பி தங்கை படிக்கிறார்கள். அதுவே அடுத்த தலைமுறையின் மனித மூலதனமாகிறது. ஆனால் அந்த எலெக்ட்ரீஷியனின் உழைப்பில் உருவாகும் கட்டடம் துபாயில் நிற்கும்.

இலங்கையில் 2022-ல் மட்டும் 3 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் வேலைக்காக வெளிநாடு போனார்கள். மருத்துவர்களும் கணிசமாகக் கிளம்பினார்கள். முழுக்க முழுக்க அரசுச் செலவில் படித்த மருத்துவர் லண்டனில் வேலை செய்தால், கன்னங்கரா காலத்து முதலீட்டின் வட்டி பிரிட்டனுக்குப் போகிறது.

நாட்டுக்குள்ளேயே இது நடக்கும், அதை நாம் குறையாகவும் நினைப்பதில்லை. ராமேஸ்வரத்தில் பிறந்த அப்துல் கலாம் ராமநாதபுரம் ஸ்வார்ட்ஸ் பள்ளியில் படித்து, திருச்சியிலும் சென்னையிலும் மேற்படிப்பு முடித்து, தும்பாவிலும் ஹைதராபாத்திலும் வேலை செய்தார். மாவட்டத்தின் வருமானக் கணக்கில் அது எங்கும் தெரியாது. மண்டபத்தில் தலைமையகம் வைத்திருந்த மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனமும் 1971-ல் கொச்சிக்கு இடம் மாறியது. மண்டபத்தில் பிராந்திய மையம் தொடர்ந்து இருக்கிறது, கடல்விரால் குஞ்சு உற்பத்தி 2010-ல் அங்கேதான் கைகூடியது. தலைமையகம் இங்கேயே இருந்திருந்தால் எத்தனை ஆய்வாளர் குடும்பங்கள், எத்தனை நல்ல பள்ளிகள் இந்தக் கரையில் தங்கியிருக்கும் என்று யோசிக்காமல் இருக்க முடியவில்லை.

பலன் எப்போது தெரியும்

படகு வாங்கினால் அடுத்த மாதமே பாடு (மீன் வரவு) தெரிந்துவிடும். மனித மூலதனம் அப்படிக் கிடையாது. 2020 பட்டியலில் சொல்லப்படும் 'இன்று பிறக்கும் குழந்தை' 18 வயதை எட்டுவது 2038-ல். அது வேலையில் கை பழகி, வரி கட்டி, நாட்டு உற்பத்தியில் தெரிய 2040-கள் ஆகிவிடும். இலங்கை இன்று அனுபவிக்கும் 0.60-க்கு விதை போட்டவர்கள் 1940-களில் இருந்தார்கள். இந்தியா ஒரு வருடத்தில் ஏழெட்டு சதவீதம் வளர்ந்தது என்ற செய்தியை வைத்து அந்த வருடத்து மனித மூலதனத்தைப் பற்றி எதுவும் சொல்ல முடியாததும் இதனால்தான்.

இழப்புக்கும் இதே தாமதம் உண்டு. 2022-ல் அக்கரையில் பால்மாவு கிடைக்காமல் வளர்ந்த குழந்தையின் உயரக் குறைவு ஓரிரு வருடத்தில் சுகாதாரக் கணக்கெடுப்பில் தெரியும், வகுப்பில் அது பின்தங்குவது பத்து வயதில் தெரியும், சம்பளத்தில் தெரிவது இன்னும் தள்ளி. அதற்குள் டாலர் கையிருப்பு ஏறியிருக்கும், விலைவாசி இறங்கியிருக்கும், நெருக்கடி முடிந்துவிட்டது என்று இரண்டு கரையிலும் செய்தி போட்டிருப்பார்கள்.